சேப்பலும் அதன் பக்கத்து வீடும்

வேல்ஸைச் சுற்றிப் பார்க்கப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கார்னார்வன், கான்வி, ஹார்லெக் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவை வேல்ஸ் மக்களை அடக்கி வைப்பதற்காக இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு கட்டியவை. அந்த மக்கள் தங்களுக்காகத் தாங்களே, தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிக்கொண்ட கட்டடம் எது என்று கேட்டால், நான் சேப்பலைத்தான் காட்டுவேன்.

சேப்பல் என்றதும் மருத்துவமனை மூலையிலோ கல்லூரி வளாகத்திலோ இருக்கிற சின்ன ஜெப அறையை நினைக்க வேண்டாம். வேல்ஸில் சேப்பல் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற சபைகளின் ஆலயம். இண்டிபெண்டன்ட், பாப்டிஸ்ட், கால்வினிஸ்டிக் மெதடிஸ்ட், வெஸ்லியன், யூனிடேரியன் என்று ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியாக உண்டு. ஆயிரம் பேர் உட்காரக்கூடிய சேப்பல்களும் இருக்கின்றன. முகப்பில் பொறித்திருக்கும் பெயர்களைத் தமிழ் வேதாகமம் வாசித்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்: பெத்தேல், சீயோன், எபெனேசர், ஓரேப், சாலேம், சீலோவாம். வட வேல்ஸில் பெதஸ்தா என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்கே கட்டிய சேப்பலின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

எண்ணிக்கையைக் கேட்டால் அசந்து போவீர்கள். வேல்ஸின் பழைய கட்டடங்களை ஆவணப்படுத்தும் அரச ஆணையத்தின் பட்டியலில் 6,000க்கும் மேற்பட்ட சேப்பல்கள் இருக்கின்றன. 1901இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 20 லட்சம்தான். ஒரே தெருவில் மூன்று சேப்பல்களை நான் பார்த்திருக்கிறேன், மூன்றும் விக்டோரியா காலத்தவை.

இந்தப் பதிவில் அந்தக் கட்டடங்களைப் பற்றியும், அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிற இன்னொன்றைப் பற்றியும் பேசப்போகிறேன். அது சேப்பலின் சுவரோடு ஒட்டியோ, அடுத்த மனையிலோ நிற்கும் வீடு. அந்த வீட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் சேப்பல் புரியும் என்பது பல வருடங்களாக இவற்றைத் தேடித் தேடிப் பார்த்ததில் எனக்குப் பட்டது.

கொஞ்சம் வரலாறு வேண்டும். 1662இல் வந்த சட்டம் ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையை அப்படியே ஏற்காத குருமார்களைப் பதவியிலிருந்து நீக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 2,000 பேர் வெளியேறினார்கள். 1665இல் வந்த இன்னொரு சட்டம், அவர்கள் முன்பு ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைல் அருகில்கூட வரக்கூடாது என்றது. கூடுவதற்கு இடமில்லாத அந்த மக்கள் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் ஒளிந்து கூடினார்கள். 1689இல் சகிப்புச் சட்டம் வந்த பிறகுதான் வெளிப்படையாகக் கூட முடிந்தது. அப்போதும் அவர்கள் கோபுரம் எழுப்பவில்லை. கூடிக்கொண்டிருந்த கூரையையே சீர்படுத்தி ஆலயமாக்கிக்கொண்டார்கள்.

அதற்கு இன்றும் நிற்கிற சாட்சி, போவிஸ் பகுதியில் கிளாஸ்பரிக்கு அருகில் இருக்கும் மைசிரோனென். 1690களில் ஒரு பண்ணைக் கட்டடத்தை மாற்றியமைத்து உருவான வழிபாட்டு இடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் கிராமத்து வீடு என்றுதான் சொல்வீர்கள். அதன் ஒரு முனையில், அதே கூரை வரிசையில் ஒரு சிறிய குடியிருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடு வேல்ஸின் ஆளில்லாத மலைப்பகுதியில் 1822இல் கட்டிய சோவார் அ மினித் சேப்பலும் இதே வகை. வெள்ளையடித்த நீளமான ஒரே கட்டடத்துக்குள் சேப்பல், வீடு, குதிரை லாயம் மூன்றும் அடங்கிவிட்டன. பிரசங்கம் செய்ய வருகிறவர் குதிரையில் வருவார். குதிரைக்கு இடம், அவருக்குப் படுக்கை, சபைக்குப் பெஞ்சு, எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆக, சேப்பல் வீட்டிலிருந்து பிறந்தது. விக்டோரியா காலத்தில் அது எவ்வளவு வளர்ந்தாலும் அந்தப் பிறப்பு அதன் உடம்பில் தெரிந்துகொண்டேயிருந்தது.

தொடக்க காலச் சேப்பல்களின் நீளச் சுவர்தான் முகப்பு. அதன் நடுவில் இரண்டு உயரமான ஜன்னல்கள், இரு பக்கமும் இரண்டு கதவுகள். ஜன்னல்களுக்கு நடுவே, உள்பக்கம், பிரசங்க பீடம். சபை அதைச் சுற்றி அகலவாக்கில் உட்காரும். யாரும் போதகரிடமிருந்து தூரத்தில் இல்லை. பிறகு நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு, தகர ஆலைகளும் வந்தன, கிராமங்கள் நகரங்களாயின, சபைகள் பெருத்தன. நெருக்கமான தெருவில் கிடைத்ததோ குறுகலான மனை. கட்டடம் தொண்ணூறு பாகை திரும்பியது. குறுகலான பக்கம் தெருவைப் பார்த்தது, முக்கோண நெற்றி கொண்ட அந்தச் சுவர் முகப்பானது. கையிலிருந்த பணம் முழுவதையும் அந்த ஒரு சுவரில் கொட்டினார்கள். பக்கச் சுவர்களுக்குப் போய்ப் பாருங்கள், செதுக்காத கல்லும் சாதாரணப் பூச்சும்தான் இருக்கும். சிலர் இதைப் போலிப் பகட்டு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரங்கத்தில் வாரக்கூலி வாங்குகிறவன் வாரம் சில பென்னி கொடுத்துக் கட்டிய கட்டடம் அது. ஊர் பார்க்கிற பக்கத்தையாவது அழகாகக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் என்ன பகட்டு இருக்கிறது?

வடிவமைத்தவர்களும் அந்த மக்களிலிருந்தே வந்தார்கள். ஸ்வான்சீ பக்கத்தில் லேண்டோரில் போதகராக இருந்த தாமஸ் தாமஸ் தச்சுத் தொழிலில் தொடங்கியவர். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட சேப்பல்களை வரைந்துகொடுத்தார். முகப்பின் நடுவே பெரிய வளைவு ஒன்று எழும்பி முக்கோண நெற்றியை உடைத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தால், அது அவர் கை அல்லது அவரைப் பார்த்துச் செய்தவர் கை. லிவர்பூலில் அலுவலகம் வைத்திருந்த ரிச்சர்ட் ஓவன்ஸ் கால்வினிஸ்டிக் மெதடிஸ்டுகளுக்கு நூற்றுக்கணக்கில் வரைந்தார். லிவர்பூலில் வெல்ஷ் ஸ்ட்ரீட்ஸ் என்று பெயர் பெற்ற வரிசை வீடுகளும் இவருடையவைதான். 

இவர்கள் எல்லோருடைய கனவும் உச்சத்தைத் தொட்டது ஸ்வான்சீயை அடுத்த மோரிஸ்டனில். அங்குள்ள டாபர்னகல் சேப்பல் 1870க்கும் 1872க்கும் இடையில் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஜான் ஹம்ஃப்ரி, போதகர் எம்லின் ஜோன்ஸ், கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்ற டேனியல் எட்வர்ட்ஸ் மூவரும் முதலில் நாடு முழுக்கப் பயணம் செய்து மற்ற சேப்பல்களைப் பார்த்து வந்தார்கள். பிறகு கட்டினார்கள். கொரிந்திய பாணித் தலை கொண்ட தூண்கள், அவற்றை இணைக்கும் வளைவுகள், பக்கத்தில் ஏறக்குறைய 160 அடி உயரக் கூர்கோபுரம். கூர்கோபுரம் அதுவரை இங்கிலாந்துத் திருச்சபையின் அடையாளமாக இருந்தது. தகர ஆலைத் தொழிலாளர்களின் சபை அதையும் எங்களால் கட்ட முடியும் என்று கட்டிக் காட்டியது. இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சேப்பலின் உயிர் உள்ளே இருக்கிறது.

கதவைத் திறந்ததும் எதிரே பலிபீடம் இருக்காது, சிலுவை இருக்காது, சிலைகள் இருக்காது. கண் நேராகப் போய் நிற்பது பிரசங்க பீடத்தில். படிகள் ஏறி, கீழ்த்தளத்துக்கும் மேல்மாடத்துக்கும் நடுத்தரமான உயரத்தில் அது நிற்கும். கீழே இருப்பவர், மேலே இருப்பவர் இருவர் கண்ணும் போதகர் கண்ணைச் சந்திக்கும். மூன்று பக்கமும், சில இடங்களில் நான்கு பக்கமும், மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் மேல்மாடம். தூண் பருமனாக இருந்தால் பின்னால் இருப்பவருக்குப் போதகர் தெரிய மாட்டார். வார்ப்பிரும்பு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பெஞ்சுகள் பின்னால் போகப் போக உயரும். பெதஸ்தா ஊரில் 1840களின் தொடக்கத்தில் கட்டி, 1870களில் உட்புறத்தை மாற்றியமைத்த எருசலேம் சேப்பலில் அந்தப் பெஞ்சுகள் பிறைபோல் வளைந்து பீடத்தையே பார்க்கின்றன. பென்ரின் கற்சுரங்கத் தொழிலாளிகளின் ஊர் அது.

பீடத்தின் அடியில் கைப்பிடி போட்டு வளைத்த ஓர் இடம் இருக்கும். அதை செட் வவுர் என்பார்கள், பெரிய இருக்கை. சபை மூப்பர்கள் அங்கே உட்காருவார்கள். திருவிருந்து மேசையும் அதற்குள்தான். பாப்டிஸ்ட் சேப்பலாக இருந்தால் பலகையைத் தூக்கினால் அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கும். உட்கூரையின் நடுவில் சுண்ணாம்பில் செய்த பெரிய பூ. அது வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். எரிவாயு விளக்கின் புகையும் ஆயிரம் பேரின் மூச்சுச் சூடும் அதன் துளைகள் வழியாக மேலே வெளியேறும்படி அமைத்த சேப்பல்கள் பல. மேல்மாடத்தின் முன்விளிம்பில் கடிகாரம், போதகரைப் பார்த்தபடி.

மரம், சுண்ணாம்பு, தட்டையான உட்கூரை, நெருக்கமாக உட்கார்ந்த மனிதர்கள். இந்த நான்கும் சேர்ந்தால் பேச்சு எதிரொலித்துக் குழம்பாது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு மனிதரின் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகக் கட்டடம் முழுவதும் வேலை செய்கிறது. பிரசங்கத்தின் உச்சத்தில் போதகரின் பேச்சு ராகமாகவே மாறிவிடுமாம். பதிலுக்கு, சபை நான்கு குரல்களில் பாடும். 1859இல் இயெவன் குவில்ட் என்பவர் வெளியிட்ட ராகப் புத்தகமும், டானிக் சோல்ஃபா எழுத்துமுறையும் சுரங்கத் தொழிலாளியையும் நான்கு குரல் பாட்டுக்காரனாக்கின. தென் தமிழகத்துத் திருச்சபைப் பாடகர் குழுவில் டோ ரே மீ பழகியவர்கள் ஒரு வெல்ஷ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகளைப் பார்த்து உடனே சந்தோஷப்படுவார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம்.

இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒன்று டீ காப்பெல், அதாவது சேப்பல் வீடு. சேப்பலோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, அதே கல், அதே ஸ்லேட் கூரை, ஆனால் தாழ்ந்த ஜன்னல்களும் ஒரு புகைபோக்கியுமாக நிற்கும். அதில் பெரும்பாலும் சேப்பலைக் கவனித்துக்கொள்ளும் குடும்பம் இருக்கும். பெருக்கித் துடைப்பது, விளக்கேற்றுவது, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டி ஹாலைச் சூடாக்குவது அவர்கள் வேலை. வாடகை இல்லை அல்லது மிகக் குறைவு. வெளியூரிலிருந்து ஞாயிறு பிரசங்கத்துக்கு வருகிறவர் சனிக்கிழமை மாலையே வந்து இந்த வீட்டின் முன்னறையில் தங்குவார். நல்ல நாற்காலி, நல்ல பீங்கான், நல்ல படுக்கை அவருக்கு.

மற்றொன்று மான்ஸ், சபையின் நிலையான போதகர் குடும்பத்தோடு வாழும் வீடு. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கோயிலடியில் இருக்கிற ஐயர் வீடு மாதிரி. சபை வளர்ந்து கொஞ்சம் வசதி வந்ததும் இதைக் கட்டுவார்கள். முன்பக்கம் வெளியே புடைத்த ஜன்னல், வாசலை ஒட்டிப் போதகரின் படிப்பறை. அங்கே ஞாயிறு பிரசங்கம் எழுதப்படும், வேலை போனவன் வந்து அழுவான், கல்யாணம் பேசப்படும், கடிதம் எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதப்படும். கட்டடமாகப் பார்த்தால் அது ஒரு நடுத்தர வர்க்க விக்டோரிய வீடு. ஆனால் அதில் வாழ்ந்தவருக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. சேப்பல், வீடு, கல்லறைத் தோட்டம் எல்லாம் அறங்காவலர்கள் பெயரில் ஒரே பத்திரத்தில் இருக்கும். போதகர் இறந்தால் அவருடைய மனைவி பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த இரண்டு வீடுகளிலும் பெண்கள் செய்த வேலை எந்த அஸ்திவாரக் கல்லிலும் இல்லை. ஒரு கிராமத்தில் எனக்குச் சேப்பலைத் திறந்து காட்டிய மூதாட்டி, பீடத்தைக் காட்டியதைவிட அதிக நேரம் பக்கத்து வீட்டுச் சமையலறையைக் காட்டினார். "எங்கள் பாட்டி இங்கேதான் தம்பி, வந்த போதகர் எல்லாருக்கும் சமைத்தார்" என்றார். அந்தச் சமையலறையும் அந்தக் கட்டடக்கலையின் பகுதிதான் என்று நான் நம்புகிறேன்.

சொந்த இடம் என்பது இந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லுவின்ரிடோவன் சேப்பலின் கதை போதும். கெரெடிகியன் பகுதி யூனிடேரியன் சபை அது. சேப்பல் நின்றது நிலப்பிரபுவின் குத்தகை நிலத்தில். போதகர் வில்லியம் தாமஸ், குவிலிம் மார்லஸ் என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர், குத்தகை விவசாயிகளின் உரிமைக்காகப் பேசியவர். 1868 தேர்தலில் நிலப்பிரபுக்களின் விருப்பத்துக்கு மாறாக விவசாயிகள் வாக்களித்ததிலிருந்து அந்தப் பகுதியில் பகை புகைந்துகொண்டிருந்தது. 1876இல் நிலப்பிரபு சேப்பலைப் பூட்டிவிட்டார். போதகர் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சபையோடு பேசினார். பல ஊர்களிலிருந்தும் நிதி வந்தது, 1879இல் புதிய சேப்பல் எழுந்தது. உடல் நொந்துபோயிருந்த மார்லஸ் அந்த வருட டிசம்பரிலேயே இறந்துபோனார், வயது 45. ஆங்கிலத்தில் எழுதிய வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸுக்கு இவர் தாத்தா முறை. டிலனின் நடுப்பெயரான மார்லைஸ் இவருடைய நினைவாக வைத்தது. பூட்டப்பட்ட பழைய சேப்பல் பிற்பாடு நிலப்பிரபுவின் சகோதரியால் சபைக்கே திரும்பக் கிடைத்தது. இன்று அதை ஆடோல்டை கம்ரி என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது.

அவ்வளவு பாடுபட்டுப் பெற்றதைத்தான் இப்போது ஒவ்வொன்றாக விற்கிறார்கள். 1904-05இல் இவான் ராபர்ட்ஸ் என்ற இளம் பிரசங்கியார் வழியாகப் பெரிய எழுப்புதல் வந்து சேப்பல்கள் நிரம்பின. அதன் பிறகு இறங்குமுகம்தான். சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் வெளியேறினார்கள், வழிபாட்டுக்குப் போகும் பழக்கமே குறைந்தது. பத்துப் பேர் மிஞ்சிய சபையால் ஆயிரம் பேருக்கான கூரையைப் பழுது பார்க்க முடியாது. அந்த முதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் முதலில் விற்பது பக்கத்து வீட்டை. அது எளிதில் விலைபோகும், அந்தப் பணத்தில் சேப்பல் கூரை இன்னும் சில வருடம் தாங்கும். பிறகு சேப்பலும் போகிறது. வாங்கியவர் நடுவில் தளம் போட்டு ஃப்ளாட் ஆக்குகிறார், மேல்மாடமும் பெஞ்சுகளும் கழற்றப்படுகின்றன. முகப்பு மட்டும் மிஞ்சுகிறது.

புதுப் பயன்பாட்டுக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை. இடிந்து விழுவதைவிட யாராவது குடியிருப்பது மேல். ஆனால் முகப்பைக் காப்பாற்றிவிட்டுச் சேப்பலைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. உள்ளே பேச்சைக் கேட்க வைத்த அமைப்பும், வெளியே பேச வந்தவரைத் தாங்கிய வீடும் சேர்ந்ததுதான் சேப்பல். ஊருக்கு ஒன்றை முழுசாகக் காக்க முடியாவிட்டாலும் மாவட்டத்துக்குச் சிலவற்றையாவது வீடு, கூட்ட அறையான வெஸ்டரி, கல்லறைத் தோட்டத்தோடு சேர்த்துக் காக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும்போதும் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

லண்டனில் இருப்பவர்கள் இந்த ஜோடியைப் பார்க்க வேல்ஸ் வரை போக வேண்டியதுகூட இல்லை. சிட்டி ரோட்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1778இல் திறந்த சேப்பலும், அடுத்த வருடம் கட்டி முடித்த அவர் வீடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மேல்மாடத்தை முதலில் தாங்கியவை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த கப்பல் பாய்மரத் தூண்கள். வெஸ்லியின் நூற்றாண்டு நினைவையொட்டி 1891இல் விக்டோரியா காலத்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு வண்ணக்கல் தூண்களை வைத்தார்கள். வெளிநாட்டு மெதடிஸ்ட் சபைகள் கொடுத்த தூண்கள் அவை. பக்கத்து வீட்டு மாடியில் வெஸ்லி தனியாக ஜெபிக்கும் சின்ன அறையையும், 1791 மார்ச் 2 அன்று அவர் இறந்த அறையையும் பார்க்கலாம். சேப்பலையும் வீட்டையும் ஒன்றாக வைத்துக் காப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை.

வேல்ஸ் போகிறவர்களுக்கு: மைசிரோனெனின் ஒட்டு வீட்டை லேண்ட்மார்க் டிரஸ்ட் சீர்படுத்தி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. கோட்டை பார்க்கும் திட்டத்தில் அங்கே ஓர் இரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் எந்த ஊரில் சேப்பலைக் கண்டாலும் முகப்பில் பொறித்திருக்கும் வருடங்களைப் படியுங்கள், பிறகு பக்கவாட்டில் போய்ப் புகைபோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். மொழி புரியாவிட்டாலும் பாட்டு புரியும், புதிதாக வந்தவரை அங்கே யாரும் அந்நியராக நடத்துவதில்லை. நம் ஊரிலும் பழைய கோயிலோடு ஒட்டிய போதகர் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சபையில் பேச்சு எழுந்தால், இடிப்பதற்கு முன் அதை ஒருமுறை அளந்து, படமெடுத்து, அதில் வாழ்ந்தவர்கள் பெயரையாவது எழுதி வையுங்கள்.